பிரித்து மாட்டும் ரோபோ சண்டை அரினா: எதில் காசு போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது

ரோபோவார்ஸ், அதாவது ஆயுதம் வைத்த ரோபோக்களை அரினா என்ற மூடிய கூண்டுக்குள் மோத விடும் போட்டி, நடத்த ஆசைப்படும் கல்லூரிப் பசங்க முதலில் கேட்பது "அரினாவுக்கு எவ்வளவு ஆகும்" என்றுதான். அதற்கு முன்னால் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: எத்தனை கிலோ ரோபோ, எந்த வண்டியில் ஏற்றப் போகிறீர்கள், மாட்டிக் கழற்ற எத்தனை பேர் நிற்பார்கள். இது தெரிந்துவிட்டால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

இங்கே அலசுவது 3 பவுண்டு, அதாவது 1.36 கிலோ எடைப் பிரிவான பீட்டில்வெயிட்டுக்கான 8 அடிக்கு 8 அடி அரினா. இங்கிலாந்துக்காரர்களின் 150 கிராம் ஆன்ட்வெயிட்டுக்கு 30 அங்குலச் சதுரமே போதும், மேசை மேல் வைத்துவிடலாம். மும்பை ஐஐடியின் டெக்ஃபெஸ்ட் விழாவில் மோதும் 60 கிலோ ரகத்துக்கோ, நாலு பேர் தூக்கிப்போய் மாட்டுகிற அரினா என்ற பேச்சுக்கே இடமில்லை. தன்னார்வலர்கள் கைக்கு அடங்குவது, அதே சமயம் பார்ப்பவர்களுக்கு நிஜமான சண்டை காட்டுவது, பீட்டில்தான்.

முதலில் சுவர், ஏனென்றால் ஆளைக் காப்பாற்றுவது அதுதான். அமெரிக்க ரோபோ சண்டைப் போட்டியான பேட்டில்பாட்ஸில் ஆயுதத்தின் முனை வேகத்துக்கு மணிக்கு 250 மைல் என்று வரம்பு உண்டு. அந்த வேகத்தில் ஒரு 20 கிராம் இரும்புத் துண்டு பிய்த்துக்கொண்டு பறந்தால் அதில் சுமார் 120 ஜூல் ஆற்றல் இருக்கும். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் பந்து உள்ளங்கை அகலத்தில் மோதும், இது ஒரு ஆணி முனை அளவு இடத்தில் இறங்கும். முன் வரிசையில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்க்கிற குழந்தையை மனதில் வைத்துத்தான் ஷீட் வாங்க வேண்டும்.

அக்ரிலிக் கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று இருக்கும், விலை குறைவு, பெயர்ப்பலகைக் கடையிலேயே அளவுக்கு வெட்டித் தருவார்கள். ஆனால் அடி பட்டால் கூரான சில்லுகளாக உடையும், அந்தச் சில்லுகளே ஆயுதமாகிவிடும். அக்ரிலிக் வேண்டவே வேண்டாம், இதில் பேரமே கிடையாது. பாலிகார்பனேட் குழியும், வளையும், வெள்ளையாகத் தழும்பு விழும், ஆனால் சட்டென்று நொறுங்காது. கடையில் வெறுமனே "பாலிகார்பனேட்" என்று கேட்டால் கார் ஷெட் கூரைக்குப் போடுகிற, உள்ளே வரிவரியாகக் காலியாக இருக்கும் ஹாலோ ஷீட்டை எடுத்து நீட்டுவார்கள். "சாலிட் ஷீட்" என்று அழுத்திச் சொல்லுங்கள், வெட்டிய விளிம்பைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கம்பி வலை மலிவு, காற்றும் வரும், ஆனால் சின்னத் துண்டுகள் அதன் வழியாகவே வெளியே வந்துவிடும்.

கனம் 6 மி.மீ.யா 10 மி.மீ.யா என்பதில் நிறைய வாக்குவாதம் நடக்கும். 8 அடிக்கு 4 அடி ஷீட் 6 மி.மீ.யில் சுமார் 21 கிலோ, 10 மி.மீ.யில் சுமார் 36 கிலோ. நான் பக்கச் சுவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு 10 என்பேன், கூரைக்கு 6 போதும். இன்னொன்று, ஷீட்டை ஃப்ரேமின் உள்பக்கம் பொருத்துங்கள். அப்போது அடி விழுந்தால் ஷீட் ஃப்ரேமின் மேல் போய் அழுந்தும். வெளிப்பக்கம் மாட்டினால் மொத்த அடியையும் போல்ட்டுகள்தான் தாங்க வேண்டியிருக்கும். ஓட்டையைப் போல்ட்டைவிடப் பெரிதாகப் போட்டு, அகலமான ரப்பர் வாஷர் வையுங்கள். வெயில் ஏறினால் பாலிகார்பனேட் நன்றாகவே விரியும், 20 டிகிரி கூடினால் 8 அடிக்கு 3 மி.மீ. வரை நீளும், இறுக்கிப் பிடித்திருந்தால் ஓட்டையைச் சுற்றி வெடிப்பு விடும். போல்ட் கழலக்கூடாது என்று த்ரெட்லாக்கர் என்கிற திருகுப் பசையை ஊற்றுவது அதைவிட மோசம், அந்தத் திரவம் பட்ட இடத்தில் ஷீட்டில் நுண்விரிசல் ஓடும். உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டுப் போட்டால் வேலை முடிந்தது.

அடுத்து ஃப்ரேம். இதில் மூன்று கட்சி உண்டு. அலுமினியம் எக்ஸ்ட்ரூஷன், அதாவது பள்ளம் ஓடுகிற 40-க்கு 40 மி.மீ. புரொஃபைல், பார்க்க அழகு, வெல்டிங் வேண்டாம், அளவு தப்பினால் நகர்த்திக்கொள்ளலாம். ஒரே இடத்தில் நிற்கும் அரினா என்றால் நானும் அதையே சொல்வேன். ஊர் ஊராகப் போகிற அரினாவுக்கு அது ஒத்துவராது. பள்ளத்துக்குள் போகும் டி-நட்டு அதிர்வில் இளகும், கழற்றும்போது கொட்டும், புல்தரையில் விழுந்தால் கிடைக்கவே கிடைக்காது, பக்கத்து ஹார்டுவேர் கடையில் மாற்று வாங்கலாம் என்றால் அங்கே இருக்கவும் இருக்காது. பணமும் இதில்தான் அதிகம் போகும்.

ஸ்லாட்டட் ஆங்கிள், நம் மளிகைக்கடை ரேக்குகளில் பார்க்கிற ஓட்டை போட்ட ஆங்கிள், மூன்றிலும் மலிவு. ஆனால் பெட்டி கோணலாகும், ஒரு மூலையில் கை வைத்துத் தள்ளினாலே சதுரம் சாய்சதுரமாகும், விளிம்பு கையைக் கிழிக்கும், ஒவ்வொரு மூட்டுக்கும் எத்தனையோ போல்ட் முடுக்க வேண்டும். அவசரத்துக்கு ஆன்ட்வெயிட் அரினா கட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது எம்.எஸ். (சாதா இரும்பு) ஸ்கொயர் பைப்பில் 4 அடிக்கு 4 அடி வெல்டட் பேனல்கள், பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் எட்டு. 25-க்கு 25 மி.மீ., 2 மி.மீ. கனப் பைப் என்றால் ஒரு பேனலின் ஃப்ரேம் சுமார் 7 கிலோ, அதில் 10 மி.மீ. ஷீட் 18 கிலோ, ஆக மொத்தம் 25. இரண்டு பேர் பேசிக்கொண்டே தூக்கிப் போகலாம். அதையே 40-க்கு 40, 3 மி.மீ. பைப்பில் போட்டால் 35 கிலோவை நெருங்கும், இரண்டாவது மாடி ஹாலுக்குப் படியேற்றும்போது அந்த வித்தியாசம் தெரியும். 4 அடி என்பதற்கும் காரணம் இருக்கிறது. குட்டி யானையின் தொட்டி நீளம் சுமார் 7 அடிதான், 8 அடிப் பேனல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 4-க்கு 4 என்றால் எட்டையும் செங்குத்தாக அடுக்கி, நடுவில் பழைய போர்வை கொடுத்து, கயிற்றால் இழுத்துக் கட்டிவிடலாம். பாலிகார்பனேட்டில் கீறல் சீக்கிரம் விழும், அதனால் போர்வையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வெல்டிங்கின் தொல்லை ஒன்றுதான்: சூட்டில் பேனல் முறுக்கிக்கொள்ளும், பட்டறையில் சரியாக உட்கார்ந்த ஓட்டை மைதானத்தில் உட்காராது. இரண்டு பேனலையும் ஒட்ட வைத்து, கிளாம்ப் போட்டு, ஒரே துளையாக இரண்டையும் சேர்த்துத் துளைக்கச் சொல்லுங்கள். அப்புறம் எது எதற்கு ஜோடி என்று பெயின்ட்டில் எண் எழுதுங்கள். எல்லாப் போல்ட்டும் ஒரே அளவாக இருக்கட்டும், M10 (10 மி.மீ. போல்ட்) என்றால் M10 மட்டும், ஒரே ஸ்பானர். வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அன்றைக்குத்தான் அதை முதல்முறை தொடுவார்கள்.

தரைக்கு வருவோம். 3 மி.மீ. இரும்புத் தகடு என்றால் 4-க்கு 4 துண்டு ஒன்று 35 கிலோ, நான்கு துண்டு 140. தீப்பொறி பறக்கும், பேட்டரி எரிந்தாலும் கவலையில்லை, காந்தம் வைத்த ரோபோக்கள் கெட்டியாகப் பிடித்து நிற்கும். கடலோர ஊர் என்றால் இரண்டு மழைக்குள் துருப் பிடிக்கும். 18 மி.மீ. பிளைவுட் துண்டு சுமார் 16 கிலோ, ஆயுதம் தோண்டினால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். எம்.டி.எஃப்., அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, சமமாக இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் உப்பும். பீட்டிலுக்கு நான் பிளைவுட் பக்கம். எதைப் போட்டாலும் இணைப்பில் மேடு இருக்கக்கூடாது. தரையைத் தேய்த்துக்கொண்டு ஓடும் வெட்ஜ் ரோபோ 2 மி.மீ. மேட்டில் இடித்து நின்றால், ஆறு மாதம் இரவெல்லாம் உட்கார்ந்து செய்த ஒரு பெண்ணின் உழைப்பை அரினாவே தோற்கடித்துவிட்டது என்று அர்த்தம். அது அநியாயம். இணைப்புக்குக் கீழே குறுக்குக் கட்டை கொடுத்து, தலை உள்ளே அமுங்கும் ஸ்க்ரூவால் இரண்டு விளிம்பையும் அதிலேயே முடுக்குங்கள். சுவரின் அடியில் அரையடி உயரத்துக்கு ஒரு மரத் தடுப்பும் ஓடட்டும், ஆயுதம் முதலில் அதைக் கடிக்கும், ஷீட் தப்பிக்கும்.

கூரையை வலையில் முடித்துவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது, மேல்நோக்கி அடிக்கும் ஆயுதங்கள்தான் இன்றைக்கு அதிகம். ஷீட் போட்டால் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரிப் புகை உள்ளேயே தேங்கும், அதனால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும், புகையைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோகும் குழாயும், பக்கத்தில் மணல் வாளியும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கதவுக்கு, பேனலையே தூக்கி எடுப்பது மலிவு, கீல் வைப்பது செலவு. கீலையே வையுங்கள். ஒவ்வொரு சண்டைக்கும் திறந்து மூடுவது அது ஒன்றுதான், மாலையில் கை சோர்ந்த பிறகு தூக்கி வைத்த பேனல் சரியாக உட்காராமல் போகும். மேலும் கீழும் தாழ்ப்பாள், கூடவே கதவு அழுத்தினால் வேலை செய்யும் ஒரு லிமிட் ஸ்விட்ச். கதவு முழுக்க மூடினால்தான் பச்சை விளக்கு, பச்சை எரியாமல் யாரும் ரிமோட்டைத் தொடக்கூடாது.

கட்டி முடித்ததும் யாராவது வந்து "15 கிலோ ரோபோ ரெண்டு இருக்கு, ஒரே ஒரு ரவுண்டு விடலாமா" என்று கேட்பார்கள். பத்து மடங்குக்கு மேல் எடை, ஆயுதத்தில் இருக்கும் சக்தியும் அதற்கேற்ப ஏறும். ஃப்ரேமின் மேலேயே "1.36 கிலோவுக்கு மட்டும்" என்று பெரிதாக எழுதிவிடுங்கள், முடியாது என்று சொல்லும் பொறுப்பு அன்றைக்குக் கதவில் நிற்கிற முதலாமாண்டுப் பையன் தலையில் விழ வேண்டாம்.