கான்ஸ்டன்ஸா, குரோய்ட்ஸ்லிங்கனா?

போடன் ஏரிக்கரையில் தங்க ஊர் தேடுகிறீர்களா? ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸும் சுவிட்சர்லாந்தின் குரோய்ட்ஸ்லிங்கனும் ஒட்டியே இருக்கின்றன. நடந்தே எல்லை தாண்டலாம். ஏரியோரம் இருந்த வேலியை 2006-இல் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சிற்பங்களை நிறுத்தியிருக்கிறார்கள்.

என் ஓட்டு கான்ஸ்டன்ஸுக்குத்தான். 1417-இல் போப் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்த கட்டடம் துறைமுகத்தருகே இன்றும் நிற்கிறது. 1415-இல் செக் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸை உயிரோடு எரித்ததும் இதே ஊர்தான்; அதை நினைக்காமல் அந்தத் தெருக்களில் நடக்க எனக்கு முடியாது. இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுக்குத் தப்பியதால் பழைய நகரம் அப்படியே இருக்கிறது. 1966-இல் தொடங்கிய பல்கலைக்கழகமும் இங்கேதான், குன்றின் மேல்.

குரோய்ட்ஸ்லிங்கனில் ஏரிக்கரைப் பூங்கா அழகு, அமைதியும் உண்டு. ஆனால் எல்லாச் செலவும் சுவிஸ் நாணயமான பிராங்கில், விலையும் அதிகம். அங்கிருப்பவர்களே சாமான் வாங்க கான்ஸ்டன்ஸ் வருகிறார்கள். சுவிஸ் சம்பளம் என்றால் சரி, அங்கேயே தங்கலாம்.