ஐஸ் ரெய்த்தா, ஃப்ராஸ்ட் ட்ரோலா: ஸ்கைரிம் பனியில் எது ஆபத்து?

2011-இல் வந்த ஸ்கைரிம் வீடியோ கேமில் புதிதாக ஆடுபவர்களை முதலில் கலங்கடிப்பது பெரும்பாலும் ஃப்ராஸ்ட் ட்ரோல் என்ற பனி அரக்கன்தான். மலைமேல் இருக்கும் ஹை ஹ்ரோத்கர் மடத்துக்கு ஏறும் ஏழாயிரம் படிகளின் வழியில் ஒன்று நிற்கும். மூன்று கண், வெள்ளை ரோமம், இரண்டு மூன்று அடியிலேயே ஆளைச் சாய்த்துவிடும் கைகள். அதைவிடக் கொடுமை, அதன் உயிர் தானாகவே வேகமாக ஏறுவது. கொஞ்சம் மூச்சு வாங்கலாம் என்று பின்வாங்கினால், அதற்குள் ட்ரோல் பாதி தேறியிருக்கும்.

ஐஸ் ரெய்த்துக்கு அவ்வளவு பலமில்லை. ஆனால் கண்ணில் சிக்காது! பனிக்கட்டியால் செய்த பாம்பு மாதிரி, உடல் ஊடுருவித் தெரியும். பனிப்புயலில் சுத்தமாக மறைந்துவிடும். அம்பு விட்டு வீணாக்க வேண்டாம். அது பாய்ந்து பக்கத்தில் வரும்வரை காத்திருந்து வெட்டுவதே சரி. உறைபனி மந்திரம் அதன்மேல் செல்லாது.

இரண்டுக்கும் நெருப்பு ஆகாது. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கையில் இருக்கும் ஃப்ளேம்ஸ் மந்திரம் இங்கே வாளைவிட உதவும். ட்ரோலை எரிக்க ஆரம்பித்தால் இடைவெளி விடாதீர்கள்.

வடிவமைப்பில் என் ஓட்டு ஐஸ் ரெய்த்துக்கே. ஸ்டார்ம்கிளோக் என்ற கிளர்ச்சிப் படையில் சேர வருபவரை ஒரு ஐஸ் ரெய்த்தைக் கொன்று வரச் சொல்வது எவ்வளவு பொருத்தம்! ஆனால் ஆரம்ப லெவலில் உண்மையான ஆபத்து ட்ரோல்தான். எதிரே கண்டால் தயங்காமல் ஓடுங்கள்.