ஹெரால்டும் மாருதியும்: எங்கள் வீட்டு இரண்டு குட்டிக் கார்கள்

அப்பா வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு 1967 மாடல். நான் என் சம்பளத்தில் வாங்கிய மாருதி 800, 1993. மேற்கு மாம்பலம் வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன, இரண்டையும் ஓட்டுகிறேன். பழைய குட்டிக் கார் ஒன்று வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. வடிவம் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி போட்டது, பிறந்தது இங்கிலாந்தில். ஆனால் இந்திய ஹெரால்டுகள் வண்டலூர் பக்கம் செய்யப்பட்டவை. 948 சிசி, நான்கு சிலிண்டர். இதில் எனக்கு உயிர் அந்த போனட்தான். இரண்டு பக்க மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழும். அப்பா முன் டயர்மேல் உட்கார்ந்து, பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. இன்றைக்கு நான் அதே டயரில் உட்கார்ந்து கார்புரேட்டரைத் துடைக்கிறேன். இவ்வளவு வசதியாக எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேறெந்தக் காரிலும் எனக்கு முடிந்ததில்லை.

இன்னொன்று, இதற்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம். அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு வண்டியும் தண்ணீரில் நின்றன. ஹெரால்டில் துருப்பிடித்த பாகத்தை மட்டும் கழற்றி டிங்கரிங்குக்குக் கொடுத்தேன். மாருதியில் பாடியும் சேசிஸும் ஒன்றே. தரைத் தகட்டை வெட்டி வெல்டிங் வைக்க வேண்டியதாயிற்று, செலவும் அதற்குத்தான் அதிகம்.

திருப்புவதிலும் பெரியவர் ஹெரால்டுதான் கெட்டிக்காரர். சுமார் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். எங்கள் தெருமுனையில் மாருதியை ஒரு தடவை ரிவர்ஸ் எடுக்கும் இடத்தில் ஹெரால்டு ஒரே வெட்டில் போகும்.

சரி, தினமும் எதில் போகிறேன்? மாருதியில். 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை, எடை சுமார் 650 கிலோ. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது. கிளட்ச் பஞ்சு மாதிரி. ஹெரால்டில் ஃபர்ஸ்ட் கியருக்கு, வண்டி ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி நின்றபிறகுதான் போட வேண்டும். அண்ணா சாலை சிக்னல்களில் ஊர்ந்து போகும்போது இடதுகால் கெஞ்சும். பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்சிலில், அதாவது ஒவ்வொன்றும் தன் அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் சாய்ந்து ஆடுபவை. வளைவில் வேகமாகப் போய் திடீரென்று ஆக்சிலேட்டரை விட்டால் பின்பக்கம் உதறும். கத்திப்பாரா மேம்பாலத்தில் நான் வேகத்தைக் குறைத்துவிட்டுத்தான் வளைவில் ஏறுவேன்.

அதனால் ஆபீஸ், ஆஸ்பத்திரி, காய்கறி என்று அலைய ஒரே கார்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு மாருதி வாங்குங்கள். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பாகம் கிடைக்கும், எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் கை வைப்பார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்து, சோக்கை இழுத்து, எஞ்சின் சூடேறும்வரை பக்கத்தில் நிற்கப் பொறுமை இருக்கிறவர்கள் ஹெரால்டைத் தேடலாம். பார்க்கப் போகும்போது பெயின்ட்டில் மயங்காதீர்கள். ஒரு சாக்கை விரித்துக் கீழே படுத்து, சேசிஸை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். இரும்பு 'டக்' என்று சொல்ல வேண்டும். உள்ளே இறங்கினால் விலையே பேசாதீர்கள்.