டீசல் காருக்கு ஆன்லைனில் ஸ்பிரிங் வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்: 6,850 ரூபாய் போச்சு

முன்பக்க ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றுவது எப்படி என்று படிப்படியாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை எழுதும் மனநிலையில் இப்போது இல்லை. நேற்று ராத்திரி 11 மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." என் 6,850 ரூபாய்க்கு அவ்வளவுதான் பதில். சூடு ஆறுவதற்குள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது 2014 மாடல் டீசல் ஹேட்ச்பேக். தூத்துக்குடி உப்புக்காற்று எந்த இரும்பையும் விட்டுவைக்காது. போன மாதம் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது இடது பக்கம் 'டங்' என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று துருவேறி ஒடிந்து, விரல் நீளத் துண்டு ஒன்று ஸ்பிரிங் உட்காரும் தட்டில் கிடக்கிறது. ஒரு பக்கம் ஒடிந்தாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் எல்லாம் நானே மாற்றியிருப்பதால் இதையும் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

கார் உதிரிபாகம் மட்டுமே விற்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் இரண்டு ஸ்பிரிங், இரண்டு டாப் மவுண்ட், பேரிங் எல்லாம் சேர்த்து 6,850 ரூபாய். ஆர்டர் போட்ட அரை மணி நேரத்தில் விற்பவரே போன் செய்தார். "அண்ணா, பெட்ரோலா டீசலா? சேசிஸ் நம்பர் அனுப்புங்க, செக் பண்ணிட்டுத்தான் பேக் பண்ணுவேன்." நான் விழுந்தது இந்த இடத்தில்தான். டீசல் இன்ஜின் கனமானது, அதனால் முன்பக்க ஸ்பிரிங் வேறு. இதைப் பல கடைக்காரர்கள் கேட்பதே இல்லை. இவர் தானாகக் கேட்கிறாரே, விஷயம் தெரிந்தவர் என்று நம்பினேன். ரிட்டர்ன் ஏழு நாள்தானே, எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் கிடைக்கும் என்றேன். "நீங்க மெதுவா மாட்டுங்கண்ணா. ஏதாவதுன்னா எனக்கு அடிங்க, நான் இருக்கேன்." நான் இருக்கேன் என்று சொன்ன குரல் இன்னும் காதில் நிற்கிறது.

பெட்டி செவ்வாய்க்கிழமை வந்தது. பளபளவென்று கறுப்பு பெயின்ட், பிளாஸ்டிக் உறை, ஹாலோகிராம் ஸ்டிக்கர். அந்த வார ஞாயிறு சொந்தத்தில் ஒரு துக்கம், சேலம் போக வேண்டியதாகிவிட்டது. அடுத்த ஞாயிறுதான் வேலையில் இறங்கினேன். பழசையும் புதுசையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன், உயரம் சரியாக இருந்தது. கம்பியின் தடிமனை அளக்கவில்லை.

மாட்டி இறக்கியதும் வண்டியின் மூக்கு தரையை மோப்பம் பிடிப்பது போல நின்றது. வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால் முன்பு இருந்ததைவிட இடது 4 செ.மீ., வலது 3 செ.மீ. இறக்கம். தெருமுனை வேகத்தடையில் அடி தட்டியது. அன்றைக்கே திரும்பக் கழற்றி, கம்பித் தடிமனை அளக்க வெர்னியர் அளவுகோல் வைத்தேன். பழசு 12 மி.மீ., புதுசு 11. ஒரு மி.மீ.தானே என்று நினைக்காதீர்கள். சுற்றின் அகலமும் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்து கம்பி மட்டும் 12-லிருந்து 11 ஆனால், ஸ்பிரிங்கின் விறைப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும்.

அதோடு முடியவில்லை. டர்பன்டைன் நனைத்த துணியால் அடிச்சுற்றைத் தேய்த்தேன். கறுப்பு துணியோடு வந்துவிட்டது. கீழே அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள், அவற்றுக்கு நடுவே மங்கிப்போன பச்சைக் கோடு ஒன்று. கம்பெனியில் ரகம் பிரிக்கப் போடும் கலர் மார்க் அது. ஸ்பிரிங்கை இறுக்கி அடக்கும் கருவியான கம்ப்ரஸரை இரவல் கொடுத்த மெக்கானிக் தம்பியிடம் காட்டினேன். பார்த்தவுடனே சொன்னார்: "இது பெட்ரோல் வண்டியோடது அண்ணாச்சி. அதுவும் கழட்டின மால், பெயின்ட் அடிச்சு அனுப்பிருக்கான்."

எனக்குப் பணத்தைவிட இன்னொன்றுதான் ஆறவில்லை. இந்தத் துருக்குழி ஸ்பிரிங்கை கம்ப்ரஸரில் இறுக்கியபோது என் மகள் டார்ச் பிடித்துக்கொண்டு ஒரு முழ தூரத்தில் நின்றாள். இறுக்கிய ஸ்பிரிங்கில் அடங்கியிருப்பது நூற்றுக்கணக்கான கிலோ விசை. அது அங்கேயே ஒடிந்திருந்தால்? 6,850 ரூபாய் வாங்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு இதை அனுப்பியிருக்கிறார்கள்.

விற்பவருக்கு அடித்தேன். முதல் நாள் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் எடுத்து, "ஃபிட்டிங் மிஸ்டேக் சார்" என்றார். அன்றைக்கு அண்ணா, இன்றைக்கு சார். போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து நம்பரே போகவில்லை. தளத்தின் சாட்டில் ஒருவர் ஏழு நாள் முடிந்துவிட்டது என்றார். இன்னொருவர் பொருத்திய பொருளை எடுக்க மாட்டோம் என்றார். மூன்றாமவர் மறுபடியும் முதலிலிருந்து ஆர்டர் நம்பர் கேட்டார். நாலாம் நாள் ராத்திரி 'முடித்துவைக்கப்பட்டது'. யார் முடித்தது, என்ன முடிந்தது? பொருளும் என்னிடம், நஷ்டமும் என்னிடம்.

2020-ல் வந்த இ-காமர்ஸ் விதிப்படி இவர்களுக்குக் குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இன்று காலை அவருக்கு மெயில் போட்டுவிட்டேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிகிறேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே புகார் கட்டணம் கிடையாது.

எப்படி மாற்றுவது என்பதை அப்புறம் எழுதுகிறேன். இப்போதைக்கு இவ்வளவுதான்: பெட்டியைப் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். வந்த அன்றே கம்பித் தடிமனை அளந்து, அடிச்சுற்றை டர்பன்டைனில் தேய்த்துப் பாருங்கள். ரிட்டர்ன் நாள் முடிந்தாலும் பார்த்துக்கொள்கிறேன் என்று போனில் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். ஸ்பிரிங்கை கம்ப்ரஸரில் அடக்காமல், அதை மேலே பிடித்துவைத்திருக்கும் டாப் நட்டைத் தொடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

வண்டி இன்னும் ஸ்டாண்டில்தான் நிற்கிறது.