வயசானவங்களுக்கு டிப்ரஷன் மாத்திரையா? சோடியம் பாக்க சொல்லுங்க முதல்ல

மும்பைல செம்பூர்ல இருக்கோம். அப்பா போனதுக்கப்புறம் அம்மாவுக்கு தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, சரின்னு பக்கத்துல ஒரு மனநல கிளினிக்குக்கு கூட்டிட்டு போனோம், 1,500 ரூபா ஃபீஸ், உக்காந்து எந்திரிக்கறதுக்குள்ள எஸ்சிடலோப்ராம்ங்கற டிப்ரஷன் மாத்திரைய எழுதி கைல குடுத்தாச்சு. அம்மாவுக்கு வயசு 71. சாப்பிடற மாத்திரை டப்பாவ கொண்டு போயிருந்தேன், அந்த டாக்டர் திறந்துகூட பாக்கல. உள்ள இருந்த பிபி மாத்திரை டெல்மிசார்டானோட ஹைட்ரோகுளோரோதயசைடு (சிறுநீர ஜாஸ்தி போக வைக்கற மருந்து) சேர்ந்தது. எஸ்சிடலோப்ராமும் சரி, இந்த ஹைட்ரோகுளோரோதயசைடும் சரி, தனித்தனியாவே ரத்தத்துல இருக்கற சோடியத்த, அதாவது உப்புச்சத்த, இறக்கும், சேந்தா கேக்கவே வேணாம்.

கொஞ்ச நாள்லயே குமட்டல், தலைவலி, நடந்தா தள்ளாட்டம். ஃபோன் போட்டா ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு உள்ள கேட்டுட்டு வந்து "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், நிறைய தண்ணி குடிக்க சொல்லுங்க"ங்குது. தண்ணியாம்! இந்த டிப்ரஷன் மாத்திரையால உடம்பு தண்ணிய வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல சோடியம் நீர்த்துப்போகும், அதுக்கு மேல தண்ணிய ஊத்தினா என்ன ஆகும்?

ஒரு நாள் காலைல அம்மா அடுப்புகிட்ட லைட்டர கைல வச்சுட்டு "இது எதுக்குடா"ன்னு கேட்டாங்க, என்னைய மாமா பேர சொல்லி. அன்னிக்கே பாத்ரூம்ல விழுந்தாங்க. எமர்ஜென்சில ரத்தம் எடுத்தா சோடியம் 116, நார்மல் 135லேந்து 145. நேரா ஐசியூ. சட்டுனு ஏத்தவும் முடியாதாம், ஒரு நாளைக்கு எட்டு பத்துக்கு மேல ஏறினா மூளை பாதிக்கும்னு சொட்டு சொட்டா ஏத்தி திரும்ப திரும்ப ரத்தம் எடுத்தாங்க, அம்மா கை பூரா நீலம். இதுல சித்தி வேற "சமையல்ல உப்பு கொறச்சிட்டியா"ங்கறாங்க. பிரச்சனை உப்பு இல்ல சித்தி, தண்ணி.

இப்ப அம்மா பரவால்ல. கிளினிக்ல கேட்டா "ரேர் சைடு எஃபெக்ட்"னு ஒரே பல்லவி. வயசு 65 தாண்டினவங்க, அதுலயும் பொம்பளைங்க, ஒல்லியானவங்க, இந்த மாதிரி பிபி மாத்திரை சாப்பிடறவங்க, இவங்களுக்கு ரிஸ்க் ஜாஸ்தி, பெரும்பாலும் முதல் சில வாரத்துல வரும்னு டாக்டருங்களுக்கு நல்லா தெரிஞ்ச விஷயம்தான். இதே வகை டிப்ரஷன் மாத்திரைங்க செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெட்டின் எல்லாமும் இதே கதைதான்.

வீட்ல யாருக்காவது இந்த மாத்திரைய புதுசா ஆரம்பிச்சா எலக்ட்ரோலைட்ஸ் டெஸ்ட் (ரத்தத்துல சோடியம் மாதிரி உப்புங்கள பாக்கறது) முன்னாடி ஒண்ணு, ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணு வாய்விட்டு கேளுங்க. குழப்பம், தள்ளாட்டம்னா ஃபோன்ல பேசிட்டு நிக்காம ஆஸ்பத்திரிக்கு போயிடுங்க. இத படிச்சுட்டு நல்லா இருக்கறவங்க பயந்து மாத்திரைய நிறுத்திடாதீங்க, சடார்னு நிறுத்தினா அது வேற அவஸ்தை, டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான். நான் டிஸ்சார்ஜ் சம்மரியோட மகாராஷ்டிரா மெடிக்கல் கவுன்சிலுக்கு கம்ப்ளைண்ட் எழுதிட்டு இருக்கேன்.