ஃபைல் சர்வர் அமைக்க ஆள் வைக்கிறீர்களா? மவுண்ட் ஆப்ஷனைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

எங்கள் சின்ன அலுவலகத்துக்கு ஒரு ஃபைல் சர்வர் தேவைப்பட்டது, அதாவது எல்லோருடைய கோப்புகளையும் ஓரிடத்தில் வைத்து நெட்வொர்க்கில் பகிரும் பெட்டி. இந்த வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்தோம். பெயர் சொல்லவில்லை. ஆனால் நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், இன்னொருவர் மாட்டக் கூடாது.

பெட்டியில் இரண்டு டிஸ்க். வந்த டெக்னீஷியன் இரண்டையும் ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் கோப்பு முறைமை) ஆக ஃபார்மட் செய்து, ஒரே ஷேருக்குள் (நெட்வொர்க்கில் பகிரப்படும் ஃபோல்டர்) இரண்டு ஃபோல்டர்களாக மாட்டினார். எங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் அந்த ஷேரை சிஐஎஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை மூலம் மவுண்ட் செய்தார், அதாவது உள்ளூர் ஃபோல்டர் போலத் தெரியும்படி இணைத்தார். கோப்புகள் திறந்தன, சேமித்தன. எல்லாம் சரிதான் என்று நினைத்தோம்.

கோளாறு அடியில் இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் ஐநோட் எண் என்று ஓர் அடையாள எண் உண்டு. அது அந்தந்த டிஸ்க்குக்குள் மட்டும்தான் தனித்துவமானது. ஈஎக்ஸ்டி4 டிஸ்க்கின் மேல் ஃபோல்டருக்கு எப்போதும் 2 என்ற எண்தான். இரண்டு டிஸ்க்கை ஒரே ஷேருக்குள் வைத்தால் இரண்டு ஃபோல்டருக்கும் எண் 2. எங்கள் பெட்டியில் இருந்த சர்வர் மென்பொருள் அதை அப்படியே அனுப்பியது. எங்கள் கம்ப்யூட்டரின் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இதைக் கண்டுபிடித்து லாகில் எழுதியது: சர்வர் தரும் ஐநோட் எண்களை இனிப் பயன்படுத்தப் போவதில்லை, இந்த மவுண்டில் ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இருக்கும் இன்னொரு பெயர்) அடையாளம் தெரியாது, இந்தச் செய்தி வராமல் இருக்க நோசர்வர்ஐநோ என்ற ஆப்ஷனோடு மவுண்ட் செய்யலாம்.

டெக்னீஷியன் கடைசி வரியை மட்டும் படித்தார். எதை எப்படி மவுண்ட் செய்வது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் நோசர்வர்ஐநோ சேர்த்துவிட்டு, “இப்ப மெசேஜ் வரல சார், கையெழுத்துப் போட்டுடுங்க” என்றார். போட்டேன்.

நோசர்வர்ஐநோ போட்டால் எண்களை நம் கம்ப்யூட்டரே தற்காலிகமாக உருவாக்கிக்கொள்ளும். அன்மவுண்ட் செய்து திரும்ப மவுண்ட் செய்தால் அவை மாறிவிடும். நாங்கள் பயன்படுத்தும் போர்க் என்ற பேக்கப் மென்பொருள், ஒரு கோப்பு மாறியதா என்று பார்க்க வழக்கமாக அளவு, சிடைம் (கோப்போ அதன் விவரங்களோ கடைசியாக மாறிய நேரம்), ஐநோட் எண் மூன்றையும் ஒப்பிடும். எங்கள் பேக்கப் ஸ்கிரிப்ட் தினமும் இரவு மவுண்ட் செய்து, முடிந்ததும் அன்மவுண்ட் செய்யும். அதனால் தினமும் எல்லாக் கோப்புமே “மாறியதாக”த் தெரிந்து, அத்தனையையும் முதலிலிருந்து படித்தது. அரை மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த வேலை விடிந்த பிறகும் ஓடியது. அதைவிட மோசம், பழைய ஆவணத் தொகுப்பை, ஹார்டு லிங்க்குகளை அப்படியே காக்கும் -ஹெச் ஆப்ஷனோடு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியால் நகலெடுத்தபோது ஹார்டு லிங்க் எதுவும் தெரியாமல் ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக இறங்கி, வெளி டிஸ்க் நிரம்பிப் பாதியில் நின்றது.

கோப்பின் விவரங்களைக் காட்டும் ஸ்டாட் கட்டளையில் ஒரே கோப்பின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்து பார்த்தேன். வேறு எண். அப்போதுதான் பிடிபட்டது. அவர்களைக் கூப்பிட்டேன். “அது லினக்ஸ் பிரச்சினை, எங்க வேலை முடிஞ்சிருச்சு” என்றார்கள். வந்து பார்க்க வேண்டுமென்றால் தனிக் கட்டணமாம். தாங்கள் செய்த தவறைத் திருத்துவதற்கே கட்டணம்!

நானே சரிசெய்தேன். ஒவ்வொரு டிஸ்க்கையும் தனித்தனி ஷேராக்கி, தனித்தனியாக மவுண்ட் செய்து, நோசர்வர்ஐநோவை எடுத்துவிட்டேன். ஒரு மணி நேர வேலைகூட இல்லை. எண்கள் இப்போது நிலையாக இருக்கின்றன.

இன்னொன்றும் கிடைத்தது. வேறொரு ஃபோல்டரை என்எஃப்எஸ் என்ற இன்னொரு பகிர்வு முறை வழியாக சாஃப்ட், டைமோ=30 என்ற ஆப்ஷன்களோடு மவுண்ட் செய்திருந்தார்கள். கேட்டதற்கு “முப்பது செகண்ட் காத்திருக்கும்” என்றார் அதே டெக்னீஷியன். டைமோ என்பது சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்; அதன் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது வெறும் 3 நொடி. டிசிபி இணைப்பில் இயல்பு மதிப்பே 600, 60 நொடி. சாஃப்ட் என்றால் சில முயற்சிக்குப் பிறகு நிரலுக்குப் பிழையைத் திருப்பிவிடும். பிழையைக் கவனிக்காத நிரலாக இருந்தால் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும், நமக்குத் தெரியவும் தெரியாது. என்எஃப்எஸ் கையேடே இது தரவைச் சத்தமில்லாமல் கெடுக்கலாம் என்று எச்சரிக்கிறது. எழுதும் ஃபோல்டருக்கு, பதில் வரும்வரை விடாமல் முயலும் ஹார்டு ஆப்ஷன்தான் வேண்டும், அதுதான் இயல்பும்கூட.

சரி, நீங்கள் கையெழுத்துப் போடும் முன் என்ன பார்ப்பது? எஃப்எஸ்டேபைக் காட்டினால் போதாது. இப்போது எது எந்த ஆப்ஷனோடு மவுண்ட் ஆகியிருக்கிறது என்று காட்டும் ப்ராக் மவுண்ட்ஸ் (/proc/mounts) கோப்பைத் திறந்து, சிஐஎஃப்எஸ் வரியில் சர்வர்ஐநோ (சர்வர் தரும் எண்களையே பயன்படுத்துவது) என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். கர்னல் தானாக அணைத்திருந்தால் அந்தச் சொல் அங்கே இருக்காது. அப்புறம் கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையில் ஐநோட் பற்றி ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள். ஒரு கோப்பின் ஐநோட் எண்ணை, அன்மவுண்ட் செய்து திரும்ப மவுண்ட் செய்வதற்கு முன்னும் பின்னும் அவர்கள் கண்ணெதிரே ஒப்பிடுங்கள். “செய்தி வராமல் பண்ணிட்டோம்” என்று யாராவது சொன்னால், அந்தச் செய்தியில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

கட்டிய பணத்தில் ஒரு பகுதியையாவது திருப்பித் தரச் சொல்லி இரண்டு முறை எழுதினேன். பதில் வரவில்லை.