பாலாறு டேம் மீன் கடை: தண்ணீர் மட்டம் பார்த்துவிட்டுப் போங்கள்

பழனியிலிருந்து பாலசமுத்திரம் வழியாகப் பாலாறு-பொருந்தலாறு அணைக்குப் போகிற ரோட்டில், அணைக்குக் கொஞ்சம் முன்னால், தகரக் கொட்டகை போட்ட ஒரு மீன் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் புளிய மரம், அதன் கீழே நாலு பெஞ்சு. ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நடத்துகிறார்கள். எனக்குத் தெரிந்து பழனி வட்டாரத்தில் அணை மீனை அணை மீனாகவே போடுகிற கடை இதுதான். ஆனால் எந்த நாளில் போனாலும் ஒரே சாப்பாடு கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். அன்றைக்கு அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது, ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பொறுத்துத்தான் இலையில் என்ன விழும் என்பது.

நான் ஆயக்குடிக்காரன், கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறேன். காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டம்தான். எங்கள் பக்கத்து வரதமாநதி அணை சின்னது, நாலு நாள் கொடைக்கானல் மலையில் நல்ல மழை பெய்தால் நிரம்பி வழிந்துவிடும். பாலாறு அப்படி இல்லை. மொத்தம் 65 அடி. ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காக இருந்தால்தான் நிறையும். அப்புறம் பாசனத்துக்குத் திறந்துவிடத் திறந்துவிட மெல்ல இறங்கும். அந்த மெல்ல இறங்குகிற காலம்தான் மீனுக்குக் காலம்.

ஏன் என்று கடைக்கார அண்ணன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் பரிசலில் போய் வலை போடுகிறவர். தண்ணீர் ஏறும்போது மீன் பரவிவிடும். புதுத் தண்ணீர் வருகிற ஆற்று வாய்ப் பக்கம் எதிரேறிப் போகும். கரையோரம் முழுகின கருவேல முள்ளுக்குள் நுழைந்துகொள்ளும். அங்கே வலை போட்டால் மீன் வருவதைவிட வலை கிழிவதுதான் அதிகம். அதோடு வெள்ளம் அடித்துக்கொண்டு வருகிற இலை தழை, குச்சி எல்லாம் வலைக் கண்ணில் மாட்டி வலையே பாய் மாதிரி ஆகிவிடும். தண்ணீர் இறங்க ஆரம்பித்தால் நிலைமை மாறும். முள் வெளியே வந்துவிடும், கலங்கல் தெளியும், மீன் பள்ளத்துக்கு வந்து கூடும்.

அதனால் அடை மழை நாளில் போய், "டேம் நிறைஞ்சிருக்கே, மீன் இல்லையா?" என்று கேட்டால் அக்காவுக்குக் கோபம் வராது, ஆனால் பதில் நேராக வரும். போன கார்த்திகையில் என்னிடம் சொன்னது இது (கட்லாவும் ஜிலேபியும் மீன் பெயர்கள், ஜிலேபி என்பது திலேப்பியா): "அண்ணா, தண்ணி ஏறிட்டே இருக்குதுங்க. கட்லா எல்லாம் மேல போயிருச்சு. இன்னிக்கு ஜிலேபி மட்டும்தான். வேணாம்னா சொல்லுங்க, முட்டை ஊத்தித் தர்றேன்." இந்த நேர்மைக்காகவே நான் இந்தக் கடைக்குப் போகிறேன். பழனியில் ஒரு ஓட்டலில் "டேம் மீன்" என்று எழுதிப்போட்டு, தெர்மாகோல் பெட்டியில் வந்த ஐஸ் மீனை என் தலையில் கட்டினார்கள். சதை வாயில் மாவு மாதிரி கரைந்தது. ஊரெல்லாம் மழை கொட்டி அணைக்குள் பரிசலே இறங்காத வாரம் அது. கேட்டதற்கு, "எல்லாம் ஃப்ரெஷ் சார்" என்றார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

மாசி, பங்குனியில், தண்ணீர் நிதானமாக இறங்கிக்கொண்டிருக்கும்போது போனால் கட்லாத் தலைக் குழம்பு கிடைக்கும். அதுதான் இந்தக் கடையின் சிறப்பு. சின்ன வெங்காயம், பூண்டு, நாட்டுத் தக்காளி, கையில் கரைத்த புளி, வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள். தேங்காய் அரைத்து ஊற்றுவதில்லை. மண்சட்டியில் கொதித்து எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்போது இறக்குகிறார்கள். தலையை இரண்டாகப் பிளந்து போடுவதால் கன்னத்துச் சதைக்குள்ளும் புளி இறங்கியிருக்கும். ரோகு வறுவலும் நன்றாக இருக்கும், ஆனால் வால் பக்கத் துண்டு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாகக் கிளைத்த பொடி முள் அங்கேதான் அதிகம், குழந்தைகளை வைத்துக்கொண்டு சாப்பிட முடியாது.

சித்திரை, வைகாசியில் தண்ணீர் அடி மட்டத்துக்குப் போனால் மீன் மலிவாக நிறையக் கிடைக்கும், ஆனால் சேற்று வாடை வந்துவிடும். கட்லா மேல் தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில் சேற்றைக் கிளறித் தின்னும். தண்ணீர் குறையும்போது எல்லாம் ஒரே குட்டைக்குள்தான், இருக்கிற தண்ணீரும் பாசி பிடித்திருக்கும். மிர்காலில் அந்த வாடை இன்னும் கூடுதல். அக்கா என்னென்னவோ செய்து பார்க்கிறார்: கல்லுப்பு போட்டுத் தேய்க்கிறார், மஞ்சள், புளித்த மோர் ஊற்றி ஊற வைக்கிறார். ரோகுவில் முக்கால்வாசி போய்விடும். மிர்காலில் போகாது. அந்த மாதங்களில் மிர்கால் வாங்காதீர்கள், அவரே சொல்லிவிடுவார்.

வருசம் பூராவும் கைவிடாதது ஜிலேபிதான். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கின தண்ணீரில் முட்டையிட்டுப் பெருகுவதில்லை, குஞ்சு வாங்கி விட வேண்டும். ஜிலேபி 1952-ல் வெளிநாட்டிலிருந்து நம் நாட்டுக்கு வந்த மீன், அதற்கு யாரும் குஞ்சு விட வேண்டியதில்லை. ஆண் மீன் கரையோரத் தரையில் குழி பறிக்கும், அதில் முட்டையிட்டதும் தாய் மீன் முட்டையை வாயில் எடுத்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் வடிந்த கரையில் நடந்தால் அந்தக் குழிகளைப் பார்க்கலாம். சோற்றுத் தட்டு அகலத்தில், ஒன்றை ஒட்டி ஒன்றாக, காய்ந்து வெடித்த வண்டலில் வரிசையாக இருக்கும். என் மகளைக் கூட்டிப் போய்க் காட்டினேன், அவள் ஒவ்வொன்றிலும் காலை வைத்து அளந்துகொண்டே வந்தாள்.

இங்கே ஜிலேபியை முழுசாகத்தான் வறுப்பார்கள். கடைக்குப் பின்னால் கல் தொட்டியருகில் அக்கா மீன் கழுவுவதை நின்று பாருங்கள். செதிலைச் சாம்பல் போட்டு உரசி எடுக்கிறார். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்த பிறகு, உள்பக்கம் ஒட்டியிருக்கும் கருப்புத் தோலைக் கட்டை விரல் நகத்தால் சுரண்டி, ஒரு பொட்டுகூட இல்லாமல் உரித்துவிடுகிறார். வாடையும் கசப்பும் அந்தத் தோலில்தான். பெரிய ஓட்டல்களில் இதைச் செய்ய யாருக்கும் பொறுமை இல்லை. அதனால்தான் ஜிலேபி என்றாலே பலருக்கு முகம் சுளிக்கிறது. இங்கே ஒரு தடவை சாப்பிட்டால் அந்த எண்ணம் போய்விடும். இரண்டு பக்கமும் மூன்று கீறல், மிளகாய், சோம்பு, பூண்டு அரைத்த மசாலா, கடலை எண்ணெய், தோசைக்கல். ஓரம் மொறுமொறுப்பாக, முள்ளோடு ஒட்டின இடம் ஈரமாக இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. சோறு தடித்த அரிசி, சில நாள் குழைந்துவிடுகிறது. ரசம் பேருக்குத்தான். கழிப்பறை கிடையாது, பெண்களோடு போகிறவர்கள் பழனியிலேயே ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புவது நல்லது. மழை நாளில் கொட்டகைக்குள் ஓரமாகச் சாரல் அடிக்கும். நான் போன தடவை கொடுத்த விலை: குழம்புச் சாப்பாடு 120 ரூபாய், ஜிலேபி ஒன்று 70, தலைக் குழம்பு தலையின் அளவைப் பொறுத்து. அணையில் மீன் குறைந்தால் விலையும் ஏறும், அதையும் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

தைப்பூசச் சமயத்தில் போக வேண்டாம். பாதயாத்திரைக்காரர்கள் வந்துகொண்டிருக்கும் நாட்களில் அக்கா மீன் சட்டியை எடுத்து வைத்துவிட்டு, டீயும் தக்காளிச் சோறும் மட்டும் போடுகிறார். கடையில் மாலை போட்டவர் ஒருவர் வந்து உட்கார்ந்தாலும் அவர் எழுந்து போகும்வரை கல்லில் மீன் விழாது. பசியோடு காத்திருந்தாலும் எனக்கு அதில் வருத்தமில்லை, நம்ம ஊர் வழக்கம் அது.

மற்ற நாட்களில் காலை எட்டு மணிவாக்கில் போன் போட்டுக் கேளுங்கள், நம்பர் கடையில் கரியால் எழுதியிருக்கும். பரிசல் கரைக்கு வந்து எடை போட்ட பிறகு என்ன மீன் என்று சொல்வார்கள். கட்லா என்று சொன்னால் தலைக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு மேல் போனால் தலை கிடைக்காது, நடுத்துண்டுதான்.